பையனுக்குப் பென்னிகுயிக்னு பேர் வைக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கூடலூரான்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கம்பம் பள்ளத்தாக்கு, கூடலூர் பக்கம். ஜூன் முதல் வாரம் பெரியாறு அணையில இருந்து முதல் போகத்துக்குத் தண்ணி திறந்தாங்க. அஞ்சாம் நாள் எங்களுக்குத் தலைச்சன் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வர்றப்ப எங்க வயலுக்குப் போற வாய்க்கால் கரை தொட்டு ஓடுது. வெள்ளையா நுரைச்சுக்கிட்டு, போன வருஷச் சருகையெல்லாம் தள்ளிக்கிட்டு. பையன் பேரு அங்கயே என் மனசுல விழுந்துருச்சு. பென்னிகுயிக்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கிட்டிருந்த ஆத்தைக் கிழக்கே திருப்பி, மலையைக் குடைஞ்சு, 1895-ல நம்ம பக்கம் தண்ணி கொண்டுவந்த இன்ஜினியர் கர்னல் ஜான் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையுதுன்னா அந்தத் தண்ணியாலதான். தை மாசம் அவர் படத்துக்கு முன்னாடி பொங்கல் வைக்கிற ஊரு எங்க ஊரு. கடையில, டிராக்டர்ல, கல்யாணப் பத்திரிகையிலகூட அவர் படம் இருக்கும். அந்தப் பேரு வச்ச பிள்ளைகளும் இங்க உண்டு.

வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. என் வீட்டம்மா மதுரை. "அது அவரோட பேரே இல்லையே, குடும்பப் பேருதானே. வெள்ளைக்காரங்களே பிள்ளைக்கு முதல் பேரா வைக்காததை நாம வைக்கலாமா"ன்னு கேக்குறா. அதோட, பள்ளிக்கூடத்துல பசங்க "பென்னி"யைப் "பண்ணி" ஆக்கிருவாங்கன்னு பயப்படுறா. அந்தப் பயம் எனக்கும் இருக்கு.

இந்தப் பேரோட வாழ்ந்தவங்க, இல்லன்னா இந்த மாதிரி வெள்ளைக்காரக் குடும்பப் பேரைப் பிள்ளைக்கு வச்சவங்க இருந்தா மனசைத் திறந்து சொல்லுங்க.

நெல்லைச்சீமை

தம்பி, வாழ்த்துகள். பிள்ளை நல்லா இருக்கணும்.

எங்க தாத்தா பேரு கால்டுவெல். அதுவும் குடும்பப் பெயர்தான். இடையன்குடியில இருந்த பிஷப் ராபர்ட் கால்டுவெல் நினைவா வச்சது. எங்க பக்கம் இது புதுசே இல்ல. ரேனியஸ், சார்ஜென்ட், மர்காஷிஸ்னு கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினா வரிசையா வரும். மூணு பேருமே எங்க பக்கம் ஊழியம் செஞ்ச மிஷனரிகள், ரேனியஸ் ஜெர்மன்காரர். யாரும் "ராபர்ட்"னு வைக்கலை பாருங்க. ராபர்ட் ஆயிரம் பேரு இருக்காங்க. கால்டுவெல்னாதான் அந்த மனுஷர்.

தாத்தாவை ஊர்ல "கால்டுவேலு"ன்னு கூப்பிடுவாங்க. கேக்குறவங்க முருகன் பேருன்னே நினைச்சுக்குவாங்க. அவரும் திருத்த மாட்டாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் அந்தப் பேரோட கம்பீரமா இருந்தாரு. அம்மாகிட்டச் சொல்லுங்க, பயப்பட ஒண்ணுமில்ல.

செல்வி_வைகைக்கரை

நான் ஆசிரியை. நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வருகைப் பதிவேடு வாசிக்கிறேன். உங்கள் மனைவியின் கவலையைச் சாதாரணமாகத் தள்ளாதீர்கள்.

பிள்ளைகள் எந்தப் பெயரையும் உடைப்பார்கள். அழகான தமிழ்ப் பெயரையே உடைத்து அழவைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உடைந்த பெயரை ஒட்டவைக்க ஆசிரியருக்கு ஒரு வழி உண்டு. முதல் நாளே அந்தப் பெயர் யாருடையது என்று வகுப்புக்குச் சொல்லிவிட வேண்டும். தேனி மாவட்டத்தில் அது சுலபம், பேருந்து நிலையத்திலேயே அந்தப் பெயர் பலகை இருக்கிறது. நீங்கள் சென்னைக்கோ கோவைக்கோ குடிபெயர்ந்தால் அங்கே உள்ள ஆசிரியர் அதைச் சொல்வாரா? எந்த ஊரில் பையன் வளரப்போகிறான் என்பதை முதலில் யோசியுங்கள்.

பையன் பெரியவனாகி "எனக்கு ஏன் இந்தப் பேர்" என்று கேட்பான். அப்போது உறுதியானதைச் சொல்லுங்கள். சொத்தை விற்று, மனைவி நகையை விற்று அணை கட்டினார் என்பது ஊர் நன்றியில் விளைந்த பேச்சு. திட்டம் சென்னை மாகாண அரசின் பணத்தில் நடந்தது. அந்தப் பேச்சை மட்டும் நம்பி வளர்கிற பிள்ளை, நாளை யாராவது "ஆவணம் காட்டு" என்றால் தன் பெயரே பொய்யானதுபோல் உடைந்துபோவான். ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணை வெள்ளத்தில் அடித்துப்போனது, மறுபடி கட்டினார்கள். காட்டுக்குள் காய்ச்சலில் ஆட்கள் விழுந்தார்கள், வேலை நிற்கவில்லை. 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்தார்கள். இது போதும். இதற்கு மேல் அலங்காரம் அந்த மனிதருக்குத் தேவையில்லை.

அறிவன்_தனித்தமிழ்

மாற்றுக் கருத்து. கூடலூரான் பொறுத்தருள்க.

நன்றி வேறு, பெயர் வேறு. நன்றிக்குப் பொங்கல் வையுங்கள், சிலை வையுங்கள். பிள்ளையின் பெயர் அவன் மொழியில் இருக்கவேண்டும். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் வாழ்ந்த மண் இது.

இலக்கணம் ஒன்றும் சொல்கிறேன். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. "குயிக்" என்று நாக்கு நிற்காது. உங்கள் அப்பத்தா வாயில் அது "குயிக்கு" என்றுதான் வரும். அப்பத்தா வாயில் நிற்காத பெயரை அப்பத்தா மடியில் வளரும் பிள்ளைக்கு எதற்கு?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த அணைக்குக் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, மலைக்காய்ச்சலில் மாண்டவர்கள் நம் ஆட்கள். அவர்களில் ஒருவர் பெயராவது எந்தப் பிள்ளைக்கு வைக்கப்பட்டிருக்கிறது?

கூடலூரான்

அறிவன் ஐயா, கடைசியில கேட்டீங்களே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க அப்பாவோட தாத்தா அந்த வேலைக்குப் போனவர்னு வீட்டுல சொல்வாங்க. பேரு தெரியாது. எங்க அப்பாவுக்கே தெரியாது. தலைச்சனுக்குத் தாத்தா பேரு வைக்கிற வழக்கம் இருந்தும் நாலு தலைமுறைக்கு மேல பேரு நிக்கலை.

சித்தூர்_எல்லை

அறிவன் ஐயா கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் இந்த மாதிரிப் பெயர் வைப்பது படித்தவர் மோகம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண விவசாயிகள் செய்தது இது. எங்கள் பக்கத்து ராயலசீமையில் தாமஸ் மன்றோ 1800 முதல் 1807 வரை கலெக்டராக இருந்தார். ஊர் ஊராகக் குதிரையில் போய்த் தீர்வையைக் குறைத்தவர் என்று அவர்மேல் அங்கே பக்தி. ஆண் பிள்ளைக்கு மன்றோலப்பா, பெண் பிள்ளைக்கு மன்றோலம்மா என்று வைத்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பப் பெயரோடு அப்பாவையும் அம்மாவையும் ஒட்டினால் நம் வீட்டுப் பெயர் ஆகிவிடுகிறது. நம் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

இன்னொன்று கவனித்தேன். இந்த ஆட்கள் எல்லாரும் ஊருக்குக் குடும்பப் பெயரால்தான் தெரிந்தவர்கள். மன்றோ துரை, கோதாவரியில் அணை கட்டிய காட்டன் துரை. அலுவலகத்திலும் உத்தரவிலும் அந்தப் பெயர்தான் அடிபட்டது. அவர்கள் வீட்டில் அம்மா கூப்பிட்ட பெயர் நம் ஆட்கள் காதில் விழுந்ததே இல்லை.

சுருளிப்பட்டி_மச்சான்

எங்க பக்கம் லோகன்துரைன்னு பேரு நிறைய உண்டு. அணை வேலையில இருந்த லோகன்ங்கற இன்ஜினியர் பேருன்னு பெருசுக சொல்லும். என் சித்தப்பா ஒருத்தர் லோகன்துரை. அது வெள்ளைக்காரப் பேருன்னே எனக்குக் காலேஜ் போன பிறகுதான் தெரியும். லோகநாதன் மாதிரின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

எடின்பரோ_வதனி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது எடின்பரோவுக்குத் தெற்காலை. இந்த இழையைப் பார்த்திட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. பென்னிகுயிக் எண்ட பெயர் பிறந்த ஊர் எனக்குப் பக்கத்திலைதான் இருக்கு.

அது ஒரு சின்னப் பட்டணம். எழுத்திலை "குயிக்" மாதிரித் தெரிஞ்சாலும் ஊர்ச்சனம் சொல்லுறது "பென்னிகுக்". நான் வந்த புதுசிலை பஸ்ஸிலை ஏறி எழுத்துக் கூட்டி வாசிச்சபடி கேட்டன். சாரதி இரண்டு தரம் கேட்டிட்டு, பிறகு பண்பாகத் திருத்திச் சொன்னார். அந்தப் பெயரின்ர கருத்தும் வடிவானது. பழைய பிரித்தானிய மொழியிலை "பென்" எண்டால் தலை, மலைமுகடு. பின்னாலை வாறது குயில். குயில் கூவுற மலை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. குயிக் எண்டதுக்குள்ளை குயில் இருக்கு. அதுக்கும் எங்கட சொல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, குருவியின்ர சத்தத்தைக் கேட்டு இரண்டு சனமும் தனித்தனியாக வைச்சது.

உங்கட மனிசி கேட்டது நல்ல கேள்வி. "வெள்ளைக்காரர் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கிறவையோ?" வைக்கிறவை. ஸ்கொட்லாந்திலை அது பழைய பழக்கம். கமரன், டக்ளஸ், ரொஸ், புரூஸ், கோர்டன் எல்லாம் முதலிலை குடும்பப் பெயர். தாயின்ர பக்கத்துப் பெயர் அழிஞ்சு போகக் கூடாதெண்டு பிள்ளைக்கு முதற்பெயராகவோ நடுப்பெயராகவோ வைப்பினம். திருக்குறளை இங்கிலீசிலை தந்த ஜி.யு. போப்பின்ர "யு" என்ன தெரியுமோ? உக்ளோ. அவற்ற தாய் கத்தரினின்ர கன்னிப் பெயர், இங்கிலாந்தின்ர கோர்ன்வால் பக்கத்துக் குடும்பம். எவ்வளவு அருமையான பெயர் அது. தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலை எத்தனை லட்சம் பிள்ளையள் அந்த "யு"வை எழுதியிருப்பினம், அதுக்குள்ளை ஒரு தாய் இருக்கிறா எண்டு தெரியாமல்.

எங்கட பக்கத்திலையும் நடந்ததுதான். வட்டுக்கோட்டை செமினரியிலை படிச்ச பெடியளுக்கு, படிப்புக்குக் காசு அனுப்பின அமெரிக்கர்களின்ர பெயரை மிஷன்காரர் வைச்சவை. பாவலர் சரித்திர தீபகம் எழுதின ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை எல்லாரும் அப்பிடி வந்தவை. எனக்கு அதிலை ஒரு மனக்குறை உண்டு. அது கொடுத்தவன்ர பெயரைப் பிள்ளையின்ர தலையிலை வைச்சது. பிள்ளையின்ர தாய் தகப்பனைக் கேட்டு வைச்சதில்லை. உங்கட கதை வேறை. தண்ணியைக் கண்ட தகப்பன் தானே ஆசைப்பட்டு வைக்கிறார். இரண்டையும் ஒண்டாகப் பார்க்க வேண்டாம்.

கூடலூரான்

வதனி அக்கா, குயில் மலைன்னு நீங்க எழுதினதை வீட்டுல சத்தமா வாசிச்சுக் காட்டினேன். என் வீட்டம்மா முகம் முதல் தடவையா மாறுச்சு. நன்றிக்கா.

ஆனா ஒரு புதுச் சிக்கல். எங்க அப்பா. அவருதான் முதல்ல சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன். வருஷா வருஷம் பொங்கலன்னிக்கு லோயர் கேம்ப் பென்னிகுயிக் மணிமண்டபத்துக்குக் குளிச்சு வேட்டி மாத்திட்டுப் போற மனுஷன். நேத்து ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து சொன்னாரு: "வேணாம்ப்பா. கும்புடுற பேரை வச்சுட்டு நாளைக்கு எப்படி அதட்டுறது? சோத்தைக் கீழ சிந்தினா, டேய்னு எப்படிக் கூப்புடுறது?"

நான் இதை நினைச்சுப் பாக்கவே இல்ல. பதில் சொல்ல முடியாம எந்திரிச்சு வந்துட்டேன்.

குயிக்_சின்னமனூர்

அண்ணே, நான்தான் நீங்க தேடுற ஆளு. என் பேரு பென்னிகுயிக். முப்பத்தி நாலு வயசு. ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருந்தேன், எழுதலாமா வேணாமான்னு. உங்க அப்பா சொன்னதைப் படிச்சதும் எழுதத் தோணிருச்சு. எங்க தாத்தாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னாராம்.

எங்க வீட்டுல அதுக்கு வழி கண்டுபிடிச்சது அம்மாதான். எனக்கு வீட்டுப் பேரு ராசு. அதட்டுறது, கொஞ்சறது, அடிக்கிறது எல்லாம் ராசுவுக்கு. பென்னிகுயிக்குக்குப் பரிசு, மார்க் ஷீட், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. எங்க தாத்தா சாகுற வரைக்கும் என்னைப் பென்னிகுயிக்னு ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாரு. பத்தாவது பாஸானப்ப.

மறைக்காம கஷ்டத்தையும் சொல்லிடுறேன். நாலாப்பு அஞ்சாப்புல "பண்ணி" உண்டு. உங்க வீட்டம்மா பயந்தது நிஜம். எங்க ஊர்ல இல்ல, அப்பா வேலை மாறி வேற மாவட்டம் போனப்ப. ஒரு வருஷம் பள்ளிக்கூடம்னாலே வயித்து வலி. பதிவேட்டுல என் பேரை ரெண்டா வெட்டி "கே. பென்னி"ன்னு எழுதிட்டாங்க. அப்பா போய்க் கேட்டதுக்கு, இடம் பத்தலைன்னாங்க. அந்த "பென்னி"தான் எல்லாத்துக்கும் காரணம். முழுப் பேரு இருந்தா யாரும் கேலி பண்ணலை. நீளமா, கம்பீரமா இருக்கும். உடைச்சப்பதான் அடி விழுந்துச்சு.

இன்னொரு சம்பவம். கேரளாவுல கட்டப்பனையில ஒரு ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். அணைப் பிரச்சினை சூடா இருந்த சமயம், நீர்மட்டம் 142 அடின்னு தீர்ப்பு வந்த 2014. பேரைச் சொல்லவே பயமா இருந்துச்சு. முதலாளி மலையாளி, வயசானவரு. என் ஆதாரைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "எங்களுக்கு அணை பயம். உனக்கு அணை சோறு. ரெண்டும் உள்ளதுதான். நீ கணக்கை ஒழுங்கா எழுது." ஆறு வருஷம் அவருகிட்ட இருந்தேன். கடைசி வரைக்கும் என்னை "கர்னல்"னுதான் கூப்பிட்டாரு, பாசமா.

மொத்தத்துல எனக்கு இந்தப் பேரு பிடிக்குமாண்ணே? பிடிக்கும். தண்ணி திறக்கிற அன்னிக்கு மதகுல நிக்கிறப்ப ரொம்பப் பிடிக்கும்.

செல்வி_வைகைக்கரை

குயிக் தம்பி, ஒரு ஆசிரியையாக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இடம் பற்றவில்லை என்று நாங்கள் வெட்டிய பெயர்கள் எத்தனையோ.

கூடலூரான், உங்கள் அப்பா சொன்னது நம் பழைய வழக்கத்திலேயே உள்ள சிக்கல்தான். "பேரன்" என்ற சொல்லே "பெயரன்", தாத்தா பெயரைத் தாங்குபவன். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அதனால்தான் தாத்தா பெயர் வைத்த பிள்ளைக்கு வீட்டில் இன்னொரு பெயர் வந்தது. மரியாதையான பெயர் ஒன்று, அதட்ட ஒன்று. உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அறிவன்_தனித்தமிழ்

குயிக் தம்பியின் பதிவை இருமுறை வாசித்தேன். என் கருத்து மாறவில்லை, ஆனால் அதை இனி உங்கள் முன் உரக்கச் சொல்லமாட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். வீட்டுப் பெயராவது தமிழாக இருக்கட்டும். வதனி அம்மையார் பொருளைக் கையில் கொடுத்துவிட்டாரே. குயிலன். குயில்மலை.

பதிவாளர்_ஓய்வு

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் மனசைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே வீட்டில் சண்டை போட்டு அவசர முடிவு எடுக்காதீர்கள். ஆனால் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் ஆசைப்பட்டு மாற்ற முடியாது. பிறகு அரசிதழ் வழிதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுத்துப் பிழை வந்தால் ஆயுள் முழுக்கத் துரத்தும்.

இந்தப் பெயரில் பிழைக்கு இடம் அதிகம். தமிழில் பென்னிகுயிக், பென்னி குயிக், பென்னிகுக், பென்னிகுவிக் என்று நாலு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைவெளி விட்டால் கணினியில் யாராவது ஒரு நாள் அதை இரண்டு பெயராகப் பிரிப்பார்கள், குயிக் தம்பிக்கு நேர்ந்ததுபோல. ஆங்கிலத்தில் பி, இ, என், என், ஒய், சி, யு, ஐ, சி, கே. பத்து எழுத்து. கடைசியில் சி, கே இரண்டும் வரவேண்டும்.

அடுத்தது இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம், பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று. அங்கே அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பையன் வெளிநாடு போனால், பென்னிகுயிக் என்பது முதல் பெயர் என்று அங்கே எவரும் நம்பமாட்டார்கள். இரண்டையும் மாற்றிப் பதிவார்கள். கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் அவர் பெயர், அப்பாவுக்கு உதவிய ஒரு முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக வைத்தது. சுந்தர் அப்பா பெயர். நமக்குப் பார்த்ததும் புரிகிறது. வெள்ளைக்கார அலுவலருக்குத் தலைகீழாகத் தெரியும்.

எடின்பரோ_வதனி

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு இங்கை எல்லாக் கடிதமும் அப்பான்ர பெயருக்குத்தான் வருது. அவர் செத்துப் பன்னிரண்டு வருசம். முதல்லை அந்தக் கடிதங்களைக் காணேக்கை நெஞ்சு திக்கெண்டும். இப்ப, அவரை ஒருத்தர் தினமும் கூப்பிடினம் எண்டு நினைச்சுக்கொள்ளுறன்.

ஆனால் ஒரு விசயம் யோசிச்சியளோ? உங்கட பெடியன் இந்தப் பெயரோடை வளர்ந்து, ஒரு காலம் இஞ்சை வந்து, அவனுக்கொரு பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் என்ன? பென்னிகுயிக். ஸ்கொட்லாந்திலை ஊர்ப் பெயராக இருந்து, குடும்பப் பெயராகி, கம்பத்திலை முதற்பெயராகி, பிறகு இஞ்சை திரும்பி வந்து குடும்பப் பெயராகிடும். நேற்று சமைச்சுக்கொண்டு நிண்டனான், இதை நினைச்சு அடுப்பை நிப்பாட்டிப் போட்டு இவருக்குச் சொன்னன்.

கேம்பர்லியிலை 2022-இலை தமிழ்நாடு அரசு வைச்ச சிலையையும் போய்ப் பார்த்தனான். அவர் 1911-இலை காலமான ஊர் அது.

நெல்லைச்சீமை

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். எங்க தாத்தா பேரைப் பெருமையா சொன்னேன்ல. 1808-ல கேப்டன் கால்டுவெல்னு வேற ஒருத்தர் பெரியாத்துப் பக்கம் வந்து பாத்துட்டு, இந்தத் திட்டம் நடக்காதுன்னு எழுதிட்டுப் போனாராம். பிஷப் இல்ல, வேற ஆளு. அதே குடும்பப் பேரு. அதனால கூடலூரான் தம்பி, சான்றிதழ்ல பேரு மட்டும் இருந்தா பத்தாது. எந்த ஆளுக்காக வச்சோம்னு ஒரு நோட்டுல உங்க கைப்பட எழுதி வையுங்க. எங்க வீட்டுல தாத்தாவோட அப்பா பைபிள் முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்காரு. அதனாலதான் எங்களுக்குத் தெரியும்.

சுருளிப்பட்டி_மச்சான்

மச்சான், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். கோயில்ல அர்ச்சனைக்கு என்ன சொல்றது? குயிக் தம்பி சொல்லட்டும்.

குயிக்_சின்னமனூர்

பேரு, நட்சத்திரம் கேப்பாங்க. பென்னிகுயிக், திருவாதிரைன்னு சொல்வேன். எங்க ஊர் அய்யரு தயங்காமச் சொல்லிடுவாரு, அவருக்கும் வயல் இருக்கு. சுவாமி பேருக்கு அர்ச்சனைன்னு சொல்றதும் உண்டு. ஒரு நாளும் அது பிரச்சினையா வந்ததில்லண்ணே.

கூடலூரான்

முடிவு ஆயிருச்சு. எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

செல்வி டீச்சர் சொன்னதையும் குயிக் தம்பி சொன்னதையும் அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பேசாமக் கேட்டாரு. "அந்தக் குயிலு விஷயத்தை மறுபடி வாசி"ன்னாரு. வாசிச்சேன். "அப்ப நான் குயிலுன்னு கூப்புட்டுக்கிறேன். நீங்க எழுதுறதை எழுதுங்க"ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டாரு. காலையில பாத்தா தொட்டில்கிட்ட உக்காந்து, "ஏலே குயிலு, ஏலே குயிலு"ன்னு அதட்டிப் பழகிக்கிட்டிருந்தாரு.

என் வீட்டம்மா ஒரு நிபந்தனை வச்சா. எந்த இடத்துலயும் "பென்னி"ன்னு சுருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துல நான்தான் முதல் நாள் போய் நின்னு சொல்லணும். ஒத்துக்கிட்டேன்.

அறிவன் ஐயா, உங்க கேள்வி மனசுல நின்னுக்கிட்டே இருக்கு. பையன் நோட்டுல முதல் பக்கம் எழுதிட்டேன். கர்னல் பேரு, 1895, எல்லாம். அதுக்குக் கீழ, "உன் தாத்தாவோட தாத்தாவும் அந்த அணையில வேலை பாத்தவர், அவர் பேரு எங்களுக்குத் தெரியலை"ன்னும் எழுதியிருக்கேன்.

நேத்து பேர் வைக்கிற சடங்கு முடிஞ்சுது. அக்காதான் அத்தை முறைக்குக் காதுல மூணு தடவை சொன்னா. மூணு தடவையும் "பென்னிகுயிக்கு"ன்னுதான் வந்துச்சு. அறிவன் ஐயா இலக்கணம் சரிதான். இன்னிக்குக் காலையில போய் மனு கொடுத்துட்டேன். எழுத்துக்கு, தேனி பஸ் ஸ்டாண்டு பலகையை போட்டோ எடுத்துக்கிட்டுப் போனேன். அடுத்த வாரம் சான்றிதழ் தருவாங்களாம்.

பதிவாளர்_ஓய்வு

நல்லது தம்பி. பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். சான்றிதழ் கையில் வாங்கியதும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே ஜன்னல் பக்கத்தில் நின்று தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஐக்கு அப்புறம் சி, கே. விட்டுப்போயிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.